"நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன் சார்" – ஒரு சட்டம் கேட்ட மூன்று கேள்விகள்



கொஞ்சம் நீளமான பதிவு. டிரெய்லர், வேன், ஆட்டோ, கால் டாக்சி ஓட்டும் தம்பிகள் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படிக்க நேரம் இல்லாதவர்கள் ஐந்தாவது பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலோ திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலோ இரவு வாகனச் சோதனை நடக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் ஒரு வசனம் கட்டாயம் காதில் விழும். "சார், ஒரு கட்டிங்தான் சார். நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன். வேணும்னா நடந்து காட்டட்டுமா?" சொல்பவர் பொய் சொல்லவில்லை. பல நேரம் அவர் நேராகத்தான் நிற்கிறார், நேராகத்தான் நடக்கிறார். ஆனால் அவர் பதில் சொல்வது 1939-ம் ஆண்டுச் சட்டம் கேட்ட கேள்விக்கு. அவரைப் பிடித்திருப்பது இன்றைய சட்டம். அது அந்தக் கேள்வியைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டது.

இந்த வித்தியாசம் தெரியாததால் நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் நிலைகுலைந்திருக்கின்றன. அதனால் இந்தச் சட்டம் வளர்ந்த கதையைப் பாடம்போல வரிசையாகச் சொல்கிறேன்.

1. பத்து ரூபாய் காலம்

ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தது 1856-ல். அப்போது சாலையில் ஓடியவை குதிரை வண்டியும் மாட்டு வண்டியும்தான். 1860-ல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் குடிகாரருக்கென்று ஒரு பிரிவு இருந்தது. அதன் எண் 510. பொது இடத்தில் குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தொல்லை கொடுத்தால் 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது பத்து ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தாறுமாறாக வண்டி ஓட்டினால் அது பிரிவு 279. குடியும் வண்டியும் தனித்தனிக் குற்றங்கள். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அந்த நாளில் பெரிய கவலையாக இல்லை. வண்டிக்காரர் மயங்கினாலும் மாடு வீட்டுக்கு வழி கண்டுபிடித்துவிடும் அல்லவா!

இங்கிலாந்தில் 1872-ம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே போனது. வண்டி, குதிரை, மாடு, நீராவி இயந்திரம் இவற்றைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு குடித்திருப்பதே குற்றம் என்றது. 1897 செப்டம்பரில் லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற டாக்சி ஓட்டுநர் குடித்துவிட்டு ஒரு கட்டடத்தில் மோதினார். அபராதம் 25 ஷில்லிங். மோட்டார் வாகனத்தைக் குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டனை பெற்ற முதல் ஆள் என்று உலகம் அவரைத்தான் சொல்கிறது.

2. முதல் கேள்வி: "தடுமாறினாயா?"

இந்தியா முழுவதற்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. அதை மாற்றி 1939-ல் விரிவான சட்டம் வந்தது. நம் பகுதி சக்கரம் கட்டிக்கொண்டது இந்தச் சட்டத்தின் காலத்தில்தான். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1961-ல் அங்கேயே டயர் செய்ய ஆரம்பித்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார் பூட்டி, பிறகு அசோக் லேலண்ட் ஆகி லாரியும் பஸ்ஸும் செய்தது. ஐம்பதுகளில் என்ஃபீல்டு புல்லட்டும் திருவொற்றியூரிலிருந்து புறப்பட்டது. இந்தியாவுக்கே லாரியும் டயரும் பைக்கும் கொடுத்த பகுதி நம்முடையது.

1939 சட்டத்தின் 117-வது பிரிவு குடித்துவிட்டு ஓட்டுவதைத் தனிக் குற்றமாக்கியது. ஆனால் அதன் மூல வாசகத்தைக் கவனியுங்கள். வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு ஒருவர் போதையில் இருக்க வேண்டும். அதாவது, குடித்தார் என்பது மட்டும் போதாது. கட்டுப்பாடு இழந்தார் என்றும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும்.

எப்படி நிரூபிப்பது? டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். வாயில் வாடை இருக்கிறதா, கண்மணி விரிந்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, கோட்டின் மேல் நடக்க முடிகிறதா என்று பார்த்து டாக்டர் எழுதித் தருவார். "நடந்து காட்டட்டுமா?" என்ற வசனம் பிறந்த இடம் இதுதான். இந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு பலம் என்பது 1971-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிந்தது. மும்பையில் நடந்த ஒரு கார் விபத்து வழக்கு அது. வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி எல்லாம் டாக்டர் எழுதியிருந்தார். ரத்தப் பரிசோதனை மட்டும் செய்யவில்லை. இந்த அறிகுறிகளை மட்டும் வைத்துப் போதையில் இருந்தார் என்று முடிவு செய்ய முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதே காலத்தில் நம் மாநிலத்தில் இன்னொரு சட்டமும் நடைமுறையில் இருந்தது. ராஜாஜி அரசு 1937-ல் மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்து அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. ஓமந்தூரார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல் சென்னை உட்பட மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. அப்போது ஓட்டுநர் குடித்திருந்தால் அவர் ஸ்டெடியா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கு முன்பே, பெர்மிட் இல்லாமல் குடித்ததே குற்றமாகிவிட்டது. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-ல் திரும்ப வந்தது. 1981-ல் மறுபடி எடுக்கப்பட்டது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவாகி மொத்த விற்பனையை எடுத்துக்கொண்டது. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளும் அரசுடையவை.

வகுப்பில் அரசியலமைப்புப் பாடம் நடத்தும்போது மூன்று பட்டியல்கள் பற்றிச் சொல்வோம், நினைவிருக்கிறதா? மது, மாநிலப் பட்டியலில் 8-வது இனம். மோட்டார் வாகனம், பொதுப் பட்டியலில் 35-வது இனம். அதனால்தான் பாட்டிலை விற்கும் சட்டம் மாநிலத்துடையது, ஊதச் சொல்லும் சட்டம் நாடாளுமன்றத்துடையது. இன்னொரு வேடிக்கை, டாஸ்மாக் கடைகளுக்கான விதிகள் இன்றும் அந்த 1937 மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் நிற்கின்றன.

3. பலூன் வந்த கதை

வாடையையும் தள்ளாட்டத்தையும் நம்பாமல் அளந்து பார்க்க முடியுமா என்று மற்ற நாடுகள் முன்பே தேட ஆரம்பித்திருந்தன. ரத்தத்தில் இவ்வளவு ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்று எண்ணை வைத்துச் சட்டம் போட்ட முதல் நாடு நார்வே. ஆண்டு 1936. அதே முப்பதுகளில் அமெரிக்காவில் ரோலா ஹார்ஜர் என்ற பேராசிரியர் ஒரு கருவி செய்தார். ஓட்டுநர் ஒரு பலூனை ஊத வேண்டும். அந்தக் காற்றை ஒரு ரசாயனக் கரைசலில் செலுத்தி, நிறம் மாறுவதை வைத்துக் கணக்கிடுவார்கள். 1954-ல் இண்டியானா மாநிலப் போலீசில் வேலை பார்த்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் அதை எடுத்துச் செல்ல எளிதாக, நம்பகமாக ஆக்கினார். இன்று நம் டிராஃபிக் போலீஸ் கையில் இருக்கும் கருவியின் மூதாதை அதுதான்.

போர்க்கன்ஸ்டைன் இதோடு நிற்கவில்லை. அறுபதுகளில் கிராண்ட் ராபிட்ஸ் என்ற ஊரில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும், அதே சாலையில் விபத்தில்லாமல் போய்க்கொண்டிருந்த ஓட்டுநர்களையும் ஊதச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார். ரத்தத்தில் ஆல்கஹால் ஏற ஏற விபத்து வாய்ப்பு செங்குத்தாக ஏறுவது தெரிந்தது. தள்ளாட ஆரம்பிப்பதற்கு வெகு முன்பே பிரேக் பிடிக்கும் நேரம் நீண்டுவிடுகிறது. குடித்தவருக்கு அது தெரிவதில்லை. ஏனென்றால் முதலில் மங்குவது, தன் நிலை என்ன என்று எடைபோடும் புத்திதான்.

"நான் ஸ்டெடி" என்பதில் உள்ள சிக்கல் இதுதான் தம்பிகளா. அதைச் சொல்லத் தகுதி இல்லாத ஒரே ஆள் குடித்தவர்.

4. இரண்டாவது, மூன்றாவது கேள்விகள்

பழைய சட்டத்துக்குப் பதிலாக 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்து, 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 185-வது பிரிவில் இருந்த கேள்வியே வேறு. ரத்தத்தில் ஆல்கஹால், அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும், இருந்தால் குற்றம். "துளியாவது குடித்தாயா?" என்பது இரண்டாவது கேள்வி.

1994-ல் திருத்தம் செய்து ஓர் எண்ணை வைத்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். "30-ஐத் தாண்டினாயா?" இதுதான் மூன்றாவது கேள்வி. இன்றும் இதுதான். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் வரம்பு 80. நம் வரம்பு அதில் பாதிகூட இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த தம்பிகள் அந்தக் கணக்கை இங்கே போட வேண்டாம்.

தண்டனை, முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருந்தது. 2019 திருத்தத்தில், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல், அபராதம் 10,000 ஆனது. மறுபடி சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் ஹெல்மெட், சிக்னல் போன்ற குற்றங்களுக்கான ஸ்பாட் ஃபைன் 2022 அக்டோபரில் உயர்ந்தது. அப்போதுதான் குடித்தவர் வண்டியில் உடன் வருபவர் மீதும் வழக்கு என்று சென்னைப் போலீஸ் அறிவித்தது. அது புதுச் சட்டம் இல்லை. குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதற்கான 188-வது பிரிவு 1988-லேயே உண்டு. "நான் சும்மா பின்னாடி உட்கார்ந்திருந்தேன்" என்பதும் இனி பதிலாகாது.

இன்னொன்று. 185-வது பிரிவு, இடத்திலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் குற்றப் பட்டியலில் இல்லை. நீதிமன்றம் போயே ஆக வேண்டும்.

கடைகள் பக்கமிருந்தும் ஒரு முயற்சி நடந்தது. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து கிளம்பிய வழக்கு அது. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. ஒரு தமிழ்நாட்டு வழக்கு இந்தியா முழுவதும் ஷட்டரை இறக்கியது. ஆனால் சண்டிகரில் நகருக்குள் போகும் நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகள் என்று பெயர் மாற்றினார்கள். அதை எதிர்த்த வழக்கில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று 2017 ஜூலையில் நீதிமன்றம் விளக்கம் சொல்லிவிட்டது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-லேயே சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன. ஆக, நம் பகுதிக்கு அந்த 500 மீட்டர் பாதுகாப்பு கிடையாது. கடை சாலையோரமே இருக்கலாம், டிரெய்லரும் அதே சாலையில்தான் நிற்கும்.

5. பத்தாயிரம் என்பது சின்னத் தொகை

"மாட்டினா பத்தாயிரம், அவ்வளவுதானே" என்று பேசுபவர்கள் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

முதலாவது, லைசென்ஸ். 2019 திருத்தத்தின்படி போலீஸ் உங்கள் லைசென்ஸைப் பறிமுதல் செய்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, குறைந்தது மூன்று மாதம் தற்காலிக ரத்து செய்ய வேண்டும் என்று 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அலுவலகம் போகிறவருக்கு அது மூன்று மாத பஸ் பயணம். துறைமுகத்துக்கு கன்டெய்னர் அடிக்கும் ஆளுக்கு அது மூன்று மாதம் அடுப்பு எரியாத கதை.

இரண்டாவது, இன்ஷூரன்ஸ். குடித்துவிட்டு மோதினால் உங்கள் வண்டிக்கான இழப்பீட்டைத் தர மாட்டோம் என்று கம்பெனி சொல்லலாம். 2021-ல் உச்ச நீதிமன்றம் அப்படி மறுத்த ஒரு கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. அடிபட்டவருக்குத் தர வேண்டிய தொகையிலும், 2019 திருத்தம் குடிபோதையைக் கம்பெனி எழுப்பக்கூடிய வாதமாகச் சேர்த்திருக்கிறது. கம்பெனி முதலில் கொடுத்தாலும், வண்டி உரிமையாளரிடமிருந்து அதை வசூலிக்க வழி உண்டு. கடன் வாங்கி ஆட்டோ ஓட்டுபவருக்கு உரிமையாளர் வேறு யார்? அவரேதான்.

மூன்றாவது, உயிர் போனால். பழைய சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 304-ஏ, இரண்டு ஆண்டு வரை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1), ஐந்து ஆண்டு வரை. (இடித்துவிட்டு ஓடினால் பத்து ஆண்டு என்ற உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் ஸ்டிரைக் செய்தார்களே, அந்த உட்பிரிவு அன்று நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் ஐந்து ஆண்டு வந்துவிட்டது.) குடித்திருந்தால் அதையும் தாண்டிப் போகும். 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோட்டில், நடைபாதையில் தூங்கிய கட்டடத் தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 112 மில்லிகிராம். கீழ் நீதிமன்றம் ஆறு மாதம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணக் குற்றமாக்கி மூன்று ஆண்டு கொடுத்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. "போதையில் தெரியாம நடந்துபோச்சு" என்பதற்கும் இடமில்லை. தானாக விரும்பிக் குடித்தவருக்கு, குடிக்காதவருக்கு இருக்கும் அறிவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இது 1860 முதலே உள்ள விதி.

நான்காவது, மறுநாள் காலை. இதுதான் டிரெய்லர் தம்பிகளுக்கு முக்கியம். உடம்பு ஆல்கஹாலை வெளியேற்றும் வேகம் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். இப்போது ஒரு கணக்கு போடுவோம். நள்ளிரவு 12 மணிக்கு ஒருவர் 150-ல் நிறுத்துகிறார் என்று வையுங்கள். தூங்கி எழுந்து காலை 6 மணிக்கு வண்டி எடுக்கிறார். 6 x 15 = 90. 150-ல் 90 போனால் மீதி 60. வரம்பைப்போல் இரண்டு மடங்கு! குளித்துவிட்டு, டீ குடித்து, விபூதி பூசிக்கொண்டு, முழு நிதானத்தோடு உட்கார்ந்திருப்பார். கருவி 60 என்று காட்டும். எட்டு மணிக்குத்தான் அது 30-க்கு வரும். எலுமிச்சையும் மோரும் பிளாக் காபியும் இந்தக் கணக்கில் ஒரு எண்ணைக்கூட மாற்றாது.

6. சோதனை இல்லையென்றால்

சோதனை என்பது போலீஸ் வசூலுக்கான வழி என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்த காலத்தில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அப்பா ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவரை ஒரு வேன் அடித்தது. ஓட்டியவன் குடித்திருந்தான் என்பது பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று அவனை யாரும் ஊதச் சொல்லவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை. மறுநாள்தான் டாக்டரிடம் போனார்கள். வழக்குக் காகிதத்தில் குடி என்ற சொல்லே வரவில்லை. சாதாரண விபத்தாக முடிந்தது. அடுத்த மாதம் அந்தப் பையனின் அம்மா டி.சி. வாங்க வந்தார். சொந்த ஊருக்கே போகிறோம் சார் என்றார். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அடித்தது என் கைதான்.

சட்டம் இதற்கும் கடிகாரம் வைத்திருக்கிறது. 203-வது பிரிவின்படி போலீஸ் அங்கேயே ஊதச் சொல்லலாம். மறுத்தால், அந்த மறுப்பே எதிராகப் பயன்படும் என்கிறது 205. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202. இந்தக் கடைசி விதி ஓட்டுநருக்கும் பாதுகாப்பு. குடிக்காதவரைச் சும்மா பிடித்து வைக்க முடியாது. அடிபட்டவருக்கும் அதுவே எச்சரிக்கை. நேரம் போனால் சாட்சி ரத்தத்திலிருந்தே கரைந்துபோகிறது. குடிபோதை விபத்துகள் பற்றிய புள்ளிவிவரங்களைப் படிக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சோதிக்காத விபத்து எந்தக் கணக்கிலும் ஏறாது.

விபத்து நடந்த இடத்தில் நீங்கள் இருந்தால், அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு, ஓட்டியவருக்கு உடனே பரிசோதனை செய்யச் சொல்லிப் போலீசிடம் கேளுங்கள். அடிப்பதாலும் வண்டியைக் கொளுத்துவதாலும் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த ஒரு காகிதத்தால் கிடைக்கும்.

7. முடிவாக

பத்து ரூபாயில் தொடங்கிய அபராதம் பத்தாயிரத்தில் நிற்கிறது. ஆனால் இந்த வரலாற்றில் பெரிய மாற்றம் தொகையில் இல்லை, கேள்வியில்தான். 1939-ல் சட்டம் உங்கள் நடையைப் பார்த்தது. இன்று உங்கள் மூச்சை மட்டும் பார்க்கிறது. நீங்கள் இருபது வருட அனுபவசாலியா, தினமும் ஓட்டும் சாலையா, வீடு பக்கத்துத் தெருவா, எதுவும் அதற்குத் தேவையில்லை.

அதிகாலை மூன்று மணிக்குக் காசிமேட்டுக்குக் கூடையோடு கிளம்பும் அம்மாவும், ஷிப்ட் விட்டுச் சைக்கிளில் வரும் கான்ட்ராக்ட் தொழிலாளியும், ஜீரோ கேட்டுக்கு வரிசையில் நிற்கும் லாரியின் நிழலில் படுத்திருக்கும் கிளீனர் பையனும் இதே சாலையில்தான் இருக்கிறார்கள். குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். குடித்த இரவும் அதற்கடுத்த காலையும் சாவியை வீட்டில் கொடுத்துவிடுங்கள். முந்நூறு ரூபாய் ஆட்டோவில் போய்விடும். போகட்டும்.

ஓட்டுநர் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் இதைத் தங்கள் ஸ்டாண்டு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். முக்கியமாக அந்த மறுநாள் காலைக் கணக்கை. படித்துவிட்டு உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்